ஊடுபயிர்

"பத்து டாலரா? டவுன் பார்க்கில் சும்மாவே ஆடலாமே!"

மூன்று வருடம் சனி, ஞாயிறுகளில் நான் நின்ற கவுண்டரில் இதை யாராவது ஒருவர் கேட்காமல் ஒரு வாரம் போனதில்லை. கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை, நியாயமான கேள்விதான்.

மாசசூசெட்ஸில் ஒரு ஆப்பிள் தோட்டம், அதை ஒட்டி மேடும் பள்ளமுமாக ஒரு காடு, அதற்குள் 18 கூடைகள். டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: பிளாஸ்டிக் தட்டை வீசி, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும், குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயித்தவர். வாரநாளில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை என்பதால், சேர்ந்த சில மாதங்களிலேயே இந்தத் தோட்டத்தின் கணக்கும் என் கைக்கு வந்துவிட்டது.

இந்த விளையாட்டு பிறந்ததே பொதுப் பூங்காவில்தான். 1975-இல் கலிபோர்னியாவில், பாசடீனா பக்கத்து ஓக் குரோவ் பூங்காவில், எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர கோர்ஸை, அதாவது ஆடுகளத்தை, அமைத்தார். சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு வந்தவற்றிலும் பெரும்பாலானவை நகராட்சிப் பூங்காக்களில், இலவசமாக. அதனால் காசு வாங்கி ஒரு கோர்ஸ் நடத்துபவருக்குப் போட்டி இன்னொரு முதலாளி இல்லை, வரிப்பணத்தில் ஓடும் பூங்கா. விலையைக் குறைத்து அதை ஜெயிக்க முடியாது. சுத்தமான கழிப்பறை, வெட்டிய புல், காத்திருக்காமல் ஆடுவது, தொலைந்த தட்டை எடுத்து வைத்துத் திருப்பித் தருவது, இவற்றைத்தான் விற்க வேண்டும். இது எல்லாமே ஆள்கூலி.

நல்ல வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் அறுபது பேர் வந்தால் 600 டாலர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த அறுபது பேரும் காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவில்தான் வருவார்கள், செவ்வாய்க்கிழமை காலையில் அணில்தான் ஓடும். சனி, ஞாயிறு மழை பெய்துவிட்டால் அந்த வாரம் போனது போனதுதான், திங்கள் வெயிலால் அது திரும்பி வராது. பனிக்காலத்தில் ஆட வருபவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. காசு வாங்காமல் தன் நிலத்தில் மக்களை விளையாட விடுகிறவரைக் காப்பாற்ற அமெரிக்க மாநிலங்களில் சட்டம் இருக்கிறது, அங்கே ஒருவர் வேர் தடுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும் உரிமையாளர் மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம். கட்டணம் என்று ஒன்றை வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். அதாவது அந்தப் பத்து டாலரை வாங்குவதற்கே ஒரு செலவு இருக்கிறது. ஒரு வருடம் பிரீமியம் ஏறியபோது, நானும் உரிமையாளரும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து எதைக் குறைக்கலாம் என்று பார்த்தோம். குறைக்க ஒன்றும் இல்லை.

ஏழாவது கூடை ஒரு சரிவில், பெரிய ஓக் மரத்தடியில் இருந்தது. எல்லோருடைய காலும் கூடையைச் சுற்றியே மிதிக்கும், மழை அந்த மண்ணை அரித்துக் கொண்டு போகும், வேர் வெளியே வரும். அதை மூட மரச்சிராய் போட வேண்டும். மரம் வெட்டும் ஆட்கள் மரத்தூளையும் சிராய்த்துண்டுகளையும் எங்காவது கொட்ட இடம் தேடுவார்கள், நமக்கு லாரி லாரியாக இலவசம். ஆனால் பாதையிலிருந்து கூடை வரை அதைத் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேர், முழுதாக ஒரு நாள், ஒரே ஒரு கூடைக்கு. கணக்கில் 'மரச்சிராய்: 0' என்று எழுதுவேன், கீழேயே கூலி வரும்.

வருடாந்தர பாஸ் போடலாம் என்று சொன்னது நான்தான். மார்ச்சில், கையில் ஒன்றுமே இல்லாத நேரத்தில், மொத்தமாகப் பணம் வரும். வந்தது, கூடைச் சங்கிலிகளை மாற்றினோம். ஆனால் பாஸ் வாங்கியவர்கள் வாரம் மூன்று தடவை வருகிறவர்கள், ஏழாவது கூடையை அதிகம் மிதிப்பதும் அவர்கள்தான். அக்டோபரில் செலவு வந்து நிற்கும்போது அந்த மார்ச் பணம் எப்போதோ போயிருக்கும். இன்றைக்குக் கேட்டாலும் பாஸ் வேண்டும் என்றுதான் சொல்வேன், விலையைத்தான் இன்னும் கூட்டி வைத்திருப்பேன்.

நிலத்தின் விலையைக் கட்டணத்திலிருந்து எடுக்கவே முடியாது என்பது இரண்டாவது வருடக் கணக்கை முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடன் வாங்கிக் காடு வாங்கி அதில் கூடை நட்டால் வட்டிக்கே காணாது. இதே மாநிலத்தில் லெஸ்டரில் இருக்கும் மேப்பிள் ஹில் பேர்பெற்ற கோர்ஸ், அது ஒரு கிறிஸ்துமஸ் மரப் பண்ணையும்கூட. வெர்மான்ட்டின் ஸ்மக்லர்ஸ் நாட்ச் ஒரு பனிச்சறுக்கு விடுதி, கோடையில் அங்கே டிஸ்க் கோல்ஃப். நாங்கள் இருந்தது ஆப்பிளால். தென்னைக்கு நடுவே உளுந்து போடுகிற மாதிரி இது ஊடுபயிர். செப்டம்பரில் ஆப்பிள் பறிக்க வந்த குடும்பங்கள் வாடகைத் தட்டு வாங்கி நான்கு கூடை ஆடிவிட்டு, சைடர் என்கிற ஆப்பிள் சாறு வாங்கிக்கொண்டு போவார்கள், அந்த மாதம் மட்டும் புத்தகத்தில் லாபத்தின் கறுப்பு மை நிறைய இருக்கும்.

வேலை மாறி ஊரை விட்டு வந்துவிட்டேன். போன மாதம் உரிமையாளரிடம் பேசும்போது ஏழாவது கூடைக்குச் சிராய் போட்டாயிற்றா என்று கேட்டேன். மே மாதமே போட்டுவிட்டார்களாம், வேர் மறுபடியும் தெரிகிறதாம்.