காட்டோரம் டென்ட் அடிக்கும் முன்: பரம்பிக்குளம் முதல் கொழுக்குமலை வரை

பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பம் பக்கத்து ஆட்களுக்குக் கேரளக் காடு கூப்பிடு தூரம்தான். அதற்காக டென்டைத் தூக்கிக்கொண்டு போய் நினைத்த இடத்தில் அடித்துவிட முடியாது. புலிகள் காப்பகத்துக்குள் சொந்த டென்டுக்கு அனுமதி கிடையாது. வனத்துறை போட்டு வைத்திருப்பதில்தான் தங்க வேண்டும்.

பரம்பிக்குளம் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் சாலை சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்தான் போகிறது. தமிழ்நாட்டுச் சாவடி ஒன்று, கேரளச் சாவடி ஒன்று, இரண்டிலும் கட்டணம் உண்டு. இருட்டிய பிறகு வண்டி விடமாட்டார்கள், அதனால் மதியத்துக்குள் சேத்துமடையைத் தாண்டிவிடுங்கள். ஆனைப்பாடியில் உள்ள வனத்துறை டென்டுகளில் கட்டிலும் குளியலறையும் உண்டு, முன்பதிவு கட்டாயம். தரையில் படுத்துக் காட்டை உணர வேண்டும் என்பவர்களுக்குத் தேக்கடியில் காட்டு நடைப்பயணத்தோடு சேர்ந்த இரவு முகாம் இருக்கிறது. வழிகாட்டிகளாக வருபவர்கள் ஒரு காலத்தில் அதே காட்டில் வேட்டையாடியவர்கள், கூடவே ஆயுதம் தாங்கிய காவலரும் வருவார். என் கணிப்பில், இந்த எல்லை முழுக்கத் தேடினாலும் அதற்கு ஈடு இல்லை.

சொந்த டென்டுக்கு வழி இருப்பது மூணாறை அடுத்த சூரியநெல்லி, கொழுக்குமலைப் பக்கத்துத் தனியார் இடங்களில். முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். உரிமம் இருக்கிறதா? ராத்திரி முழுக்க காவலுக்கு ஆள் விழித்திருப்பாரா? யானைத்தடத்திலிருந்து இடம் எவ்வளவு தள்ளி? 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனி டென்டுக்கு வருவோம். இரண்டு பேருக்கு மூன்று பேர் டென்ட் எடுங்கள், பைகளை உள்ளே வைக்க அந்த இடம் வேண்டும். மழைக்காக டென்டின் மேல் போடும் வெளித்துணிதான் மேல்துணி. அதன் நீர்த்தாங்கும் அளவு, அதாவது எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பது, 2000 மி.மீ. இருந்தால் நம் மழைக்குப் போதும். தையல் ஓரங்களில் ஒட்டுப்பட்டை இல்லாவிட்டால் 5000 இருந்தாலும் தையல் வழியே ஒழுகும்.

இடம் பார்ப்பதில்தான் பாதி ராத்திரி தீர்மானமாகிறது. பள்ளத்தில் அடிக்காதீர்கள். குளிர்காற்று கனமானது, ராத்திரியில் இறங்கி அங்கேதான் தேங்கும், மழை பெய்தால் தண்ணீரும் அங்கேதான் வரும். மேட்டின் உச்சியில் காற்று பிய்த்துவிடும். சரிவின் நடுவே ஒரு சமதளம் கிடைத்தால் அதுதான் இடம். படுத்துப் பார்த்து, லேசான சாய்வு இருந்தால் தலை மேட்டுப்பக்கம் இருக்கும்படி அடியுங்கள். நீரோடைக் கரையும் வேண்டாம், அந்தியிலும் விடியலிலும் விலங்குகள் அங்கே தண்ணீருக்கு இறங்கும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டின் தரையைவிட நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் சின்னதாக இருக்கட்டும், நீண்டால் மடித்து உள்ளே தள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் தண்ணீரை அது ஏந்தி, நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். ‘டென்ட் ஒழுகுது’ என்ற புகாரில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். டென்டின் கயிறுகளைக் கட்டும் முளைகளைத் தலைப்பகுதி டென்டை விட்டு வெளியே சாயும்படி 45 டிகிரியில் அடியுங்கள், நேராக அடித்த முளை ஈர மண்ணில் உருவிக்கொண்டு வரும். தேயிலைத் தோட்டத்து மண் மழைக்குப் பின் குழைந்துவிடும், அங்கே ஒவ்வொரு முளை மேலும் ஒரு கல் வையுங்கள்.

விடியற்காலையில் உட்புறம் நனைந்திருந்தால் அது மழையல்ல, உங்கள் மூச்சுதான். குளிருதே என்று எல்லா ஜிப்பையும் மூடினால் அந்த ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி மேலே சொட்டும். மேல் காற்றுவாயைத் திறந்தே வையுங்கள். மேல்துணியை இழுத்துக் கட்டி, உள்துணியில் ஒட்டாமல் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் மூணாறு பக்கம் உறைபனி விழும். அப்போது குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், படுக்கைப்பையின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிச் சூட்டைத் தாங்காது. கனமான போர்வையைவிடக் கூடுதலாக ஒரு ஃபோம் பாய் பலன் தரும்.

சாப்பாட்டை டென்டுக்குள் வைக்கவே கூடாது. பிஸ்கட், வாழைப்பழம், உப்பு, அரிசி எதுவும். அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் சின்னக்கானல் யானைதான், சூரியநெல்லி அதே வட்டாரம். 2023-ல் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்ட பிறகு அது கம்பத்துக்குள்ளேயே இறங்கியது. சாப்பாட்டுப் பொருளை வண்டியிலோ முகாமின் சமையல்கட்டிலோ வைத்துப் பூட்டுங்கள். எச்சிலைக்கும் இதே கவனம் வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும், கேம்ப் ஃபயர் கேட்காதீர்கள். கொழுக்குமலையிலிருந்து கீழிறங்கும் குரங்கணிச் சரிவில்தான் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் நடைபயணிகள் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டென்டுக்குள் அடுப்பும் கூடாது, கரிப்புகையின் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

மழைமாதங்களில் அட்டை நிச்சயம். அட்டை ஏறாமல் காலில் மாட்டும், முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவு உறைதான் உருப்படியானது. கடித்துவிட்டால் தீயோ உப்போ வைக்காதீர்கள், மெல்லிய நுனிப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளுங்கள், கழன்றுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் போதும்.

வீடு திரும்பிய அன்றே டென்டைப் பிரித்து நிழலில் இரண்டு நாள் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நீர் தடுக்கும் பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரியும். காய்ந்ததும் அதன் உறைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாக மடித்து வையுங்கள்.