பெயின்ட் டப்பாவைத் தள்ளி வையுங்கள்

பழைய தகரப் பொம்மை ரயில் எஞ்சின் கைக்கு வந்ததும் பளபளவென்று பெயின்ட் அடிக்கத்தான் முதலில் கை பரபரக்கும். நானும் ஒருமுறை அடித்துக் கெடுத்திருக்கிறேன். தகரத்தில் அச்சிட்ட கோடும் எழுத்தும் போனால் போனதுதான். இப்போது லேசாக நனைத்த துணி, அப்புறம் சக்கர அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவே. மின்சார எஞ்சின் ஓடவில்லையா, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷையும், அது உரசும் சுழல் வளையமான கம்யூட்டேட்டரையும் சுத்தம் செய்து பாருங்கள், பல சமயம் அதுவே போதும். துத்தநாக வார்ப்புச் சக்கரங்கள்தான் பெரிய தலைவலி: உலோகத்தில் ஈயம் கலந்திருந்தால் வருடங்கள் போகப் போக உப்பி, விரிசல் விட்டு, கையிலேயே உதிரும், அதற்கு வைத்தியமே கிடையாது, சக்கரத்தை மாற்ற வேண்டியதுதான். காட்சிக்கு வைக்க ஓ கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 32 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள அளவில், தண்டவாளத்துண்டு ஒன்றை அலமாரியில் பொருத்தியிருக்கிறேன். வெயில் படாத பக்கமாக, ஏனென்றால் சிவப்பு வெளுத்துவிடும்.