முதல் தோல்வார் வாங்கும் முன்

புதிதாகச் சவரக்கத்தி வாங்குகிறவர்கள் கத்திமேல் வைக்கும் அக்கறையில் பாதியைக்கூட, அதை ஓட்டி வாயைச் சீராக்கும் தோல்பட்டையான தோல்வார்மேல் வைப்பதில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் கத்தியா, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கத்தியா, அலகின் அகலம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கா ஆறு பங்கா என்று வாரக்கணக்கில் அலசுவார்கள். கடைசியில் கத்தியோடு சேர்த்து விற்கும் ஏதோ ஒரு பட்டையை வாங்கி மாட்டிவிடுவார்கள். பத்து நாளில் கத்தி தாடியை வெட்டாமல் இழுக்கும், பழி கத்திமேல் விழும். பெரும்பாலும் அதைக் கெடுத்தது வாரில் ஓட்டிய கைதான்.

நம்மூர் சலூன்களில் இப்போது புழங்குவது பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி. அதற்கு வாரே வேண்டாம், ஆளுக்கு ஒரு புது பிளேடு போதும். இங்கே சொல்வதெல்லாம் அலகு முழுவதும் ஒரே எஃகாக இருக்கும் மடக்குக்கத்திக்கு.

வார் கத்தியைச் சாணை பிடிப்பதில்லை. சவரத்தில் கத்தியின் வாய் கண்ணுக்குத் தெரியாத அளவு மடிகிறது, ஈரத்தால் நுண்துருவும் பிடிக்கிறது. தோலில் ஓட்டும்போது மடிந்தது நிமிர்கிறது, வாய் மெருகேறுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பெயர்ந்துபோன எஃகை அது திரும்பக் கொண்டுவராது. மயிர் எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படிப்பட்ட மயிரே சவர பிளேடின் வாயில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்க்கிறது என்று 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் காட்டினார்கள். மயிர் சாய்ந்து வளைந்து வாயில் மோதும்போது, எஃகின் பலவீனமான புள்ளியில் சில்லு தெறிக்கிறது. ஆகவே, தாடியை இரண்டு மூன்று நிமிடமாவது வெந்நீரில் நன்றாக ஊறவைப்பதும் கத்திப் பராமரிப்பில் சேர்த்திதான். நனைந்த மயிர் மெத்தென்று வெட்டுப்படும்.

இனி வார். பலகையில் ஒட்டியது, தொங்கவிட்டு இழுத்துப் பிடிப்பது என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். பலகை வார் தொய்யாது, கற்றுக்கொள்ளச் சுலபம். ஆனால் பல பலகைகள் குட்டையானவை. நான்கு விரற்கடை ஓட்டுவதற்குள் திருப்ப வேண்டி வரும், தவறு நேர்வதே திருப்பும் இடத்தில்தான். ஓட்டுவதற்குக் குறைந்தது 16 அங்குல இடம் உள்ள தொங்கு வாரே என் பரிந்துரை. அகலம் இரண்டரை அல்லது மூன்று அங்குலம் இருக்கட்டும். கத்தியின் அலகு சுமார் மூன்று அங்குலம். மூன்று அங்குல வாரில் முழு அலகும் ஒரே ஓட்டத்தில் படியும். இரண்டு அங்குல வார் என்றால் பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை குறுக்காகச் சரித்து ஓட்டப் பழக வேண்டும். அந்தக் குறுக்கோட்டத்தை எப்படியும் ஒருநாள் கற்கத்தான் வேண்டும். அலகு லேசாக வளைந்த கத்திகளுக்கு அது இல்லாமல் முடியாது. முதல் மாதத்திலேயே அந்தச் சுமை வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

தோல் விஷயத்தில் பார்க்க வேண்டியது இழுவை, அதாவது ஓட்டும்போது தோல் கத்தியை எவ்வளவு பற்றுகிறது என்பது. பளபளப்பான குதிரைத் தோலில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். மெழுகும் எண்ணெயும் ஏற்றிய தடித்த மாட்டுத்தோல் கனமாகப் பற்றும். கனமான இழுவையில் புதுக் கை தடுமாறும், கத்தியின் முதுகு, அதாவது வாய்க்கு எதிரே உள்ள தடித்த விளிம்பு, தூக்கும். லேசான அல்லது நடுத்தர இழுவையே தொடக்கத்துக்கு நல்லது. தோல் குரோம் உப்பில் பதனிட்டதாக இல்லாமல் தாவரச் சாற்றில் பதனிட்டதாக இருப்பது முக்கியம். குரோம் தோல் மெத்தென்று நீளும், கத்தி அதில் அமிழும். நம் பக்கத்துத் தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு வந்த இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இந்தத் தாவர வகைதான். மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில், வடு, நரம்பு இல்லாத துண்டு கிடைத்தால், சமமான பலகையில் ஒட்டி நீங்களே ஒரு பயிற்சி வார் செய்துகொள்ளலாம்.

விலை உயர்ந்த வாரை முதலில் வாங்காதீர்கள். முதல் வாரில் வெட்டு விழும், யார் கையானாலும் விழும். வாங்கும் வாருக்குப் பின்னால் லினனோ கித்தான் துணியோ இரண்டாம் பட்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாயில் ஒட்டிய சோப்புப் படிவையும் நுண்துருவையும் துடைத்தெடுப்பது அந்தத் துணிதான்.

ஓட்டும் முறைக்கு ஒரே விதி: முதுகு முன்னே, வாய் பின்னே. வாரைக் கொக்கியில் மாட்டி, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். கை நடுங்கும் அளவுக்கு இழுக்கவும் வேண்டாம். கத்தியைத் தட்டையாகப் படுக்கவையுங்கள். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் தோலைத் தொட வேண்டும். முதுகு போகும் திசையில் தள்ளுங்கள். கோடி வந்ததும் முழுதாக நிறுத்துங்கள். முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், வாயை மேல்பக்கமாகச் சுழற்றிப் புரட்டிவிட்டுத் திரும்புங்கள். மணிக்கட்டு திரும்பக் கூடாது. கத்தியின் கழுத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பென்சிலை உருட்டுவதுபோல் உருட்டினால் போதும். சவரத்துக்கு முன் துணியில் 20 தடவை, தோலில் 50 தடவை. போய் வருவது ஒரு தடவை. சவரம் முடிந்து கழுவித் துடைத்த பிறகு துணியில் பத்து.

கெடுவது எங்கே என்றால், முதலாவது வேகம். சலூன் பெரியவர்கள் படபடவென்று ஓட்டியதைப் பார்த்து அதே வேகத்துக்கு ஆசைப்படுகிறோம். நிற்பதற்குள் புரட்டினால் வாய் தோலில் இறங்கும், வாரிலும் வெட்டு, வாயிலும் சேதம். இரண்டாவது, வார் தொய்வது. தொய்ந்த தோல் வாயைச் சுற்றி மேலேறி அதை உருட்டிவிடும், எத்தனை தடவை ஓட்டினாலும் கத்தி மழுங்கிக்கொண்டே போகும். அழுத்தினாலும் இதே கதி. கத்தியின் எடையும், அது துள்ளாமல் இருக்க விரல் தரும் மெல்லிய பாரமும் போதும். மூன்றாவது, புரட்டிய கையோடு முதுகு ஒரு நூல் எழும்புவது. இதை நீங்களே கவனித்தால்தான் உண்டு. ஓட்டும் சத்தம் முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மாறினால் அங்கே அலகு சரியாகப் படியவில்லை.

கூர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் வாயை இழுப்பது பழைய வழக்கம். வேண்டாம், ஓட்டிய பலன் அங்கேயே போய்விடும். முன்கை மயிருக்குமேல், தோலைத் தொடாமல் கால் அங்குல உயரத்தில் கத்தியைக் கொண்டுபோங்கள். மயிர் நுனிகள் சத்தமின்றி உதிர்ந்தால் கத்தி தயார். பிடிப்பக்கம், நடு, நுனி மூன்றையும் தனித்தனியே பாருங்கள். புதியவர்களின் கத்தியில் நுனிதான் முதலில் மழுங்கும்.

சரியாக ஓட்டியும் தாடி இழுத்தால் அடுத்தது பசை, அதாவது வாயைத் தேய்த்து மெருகேற்றும் நுண்தூள். 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடை பால்சா மரப் பலகையில் மெல்லியதாகத் தேய்த்து, ஐந்து முதல் பத்துத் தடவை. தினமும் ஓட்டும் தோலில் பசையை ஒருபோதும் தடவாதீர்கள், அதை முழுதாக எடுக்க முடியாது. கடையில் கிடைக்கும் பச்சைப் பாலிஷ் கட்டிகளில் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், துகள் அளவும் சீராக இராது. அளவு குறிப்பிட்ட தூளாகப் பார்த்து வாங்குங்கள். பசையை அடிக்கடி நாடினால் வாய் மெல்ல உருண்டுபோகும். பசையாலும் பலன் இல்லாத நாளில் கல்லுக்குப் போக வேண்டும். 12,000 எண் கல்லில், தண்ணீர் விட்டு, அழுத்தமே இல்லாமல், வாய் முன்னே போகும்படி இருபது முப்பது தடவை. கல்லில் திசை வாருக்கு நேர்மாறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் சில்லு இருந்தால் அதைவிடச் சொரசொரப்பான 1,000 எண் கல்லிலிருந்து வாயின் இருபக்கச் சரிவையே மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். முதல் முறை அதை அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

வாரில் விழுந்த வெட்டு ஓரத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. நடுவில் எழும்பி நின்றால், ரப்பர் பசை வைத்து ஒட்டிக் காயவிட்டு, 400 எண் உப்புத்தாளால் சமமாகத் தேயுங்கள். தினமும் ஓட்டும் முன் சுத்தமான உள்ளங்கையால் தோலை நாலைந்து முறை அழுத்தித் தேய்த்தால் தூசி போகும். கையில் உள்ள எண்ணெய்ப் பசையே தோலுக்குப் போதும், வேறு எண்ணெய் ஊற்றினால் இழுவை மாறிவிடும். குளியலறையில் தொங்கவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கத்தியை மூடிய பெட்டியில் ஈரத்தோடு வைத்தால் ஓர் இரவிலேயே துருப்புள்ளி விழலாம். துடைத்து, சிறிது நேரம் திறந்தே காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள். பிடியின் ஆணியருகே தேங்கும் தண்ணீரைத் துணி நுனியால் ஒற்றி எடுக்க மறக்காதீர்கள்.