காசும் கேஷும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அவ்வப்போது அனுப்பும் பட்டியல் ஒன்று உண்டு: கேஷ் என்பது காசு, ஒன் என்பது ஒன்று, எய்ட் என்பது எட்டு, ஆகவே ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது. போன வாரமும் வந்தது. பெரியப்பாவுடன் வாதிடும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பட்டியலின் முதல் சொல்லை மட்டும் கடந்துபோக மனம் வரவில்லை, ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது.

கடையிலும் வங்கியிலும் நாம் சொல்லும் கேஷ், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியே பின்னோக்கிப் போனால் அது ‘காப்ஸா’ என்ற லத்தீன் சொல்லில் போய் நிற்கும். அதற்குப் பெட்டி என்று பொருள். பெட்டியின் பெயர் உள்ளே கிடக்கும் பணத்துக்கு ஆகுபெயராயிற்று. ‘முதலாளி கல்லாவில் இருக்கிறார்’ என்று நாம் பெட்டியைச் சொல்லி இடத்தைக் குறிப்பதும் இந்த வகைதான்.

ஆனால் ஆங்கில அகராதிகளில் அதே எழுத்துகளோடு இன்னொரு கேஷ் தனிச்சொல்லாகப் பதிவாகியிருக்கிறது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயம் என்பது அதன் பொருள். அதுதான் நம் காசு. போர்த்துகீசியர் அதைத் தங்கள் வாய்க்கு வசதியாகக் ‘காய்ஷா’ ஆக்கிக்கொண்டார்கள், சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். இதில் வேடிக்கை, காய்ஷா என்பது அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டியைக் குறிக்கும் சொல், அந்தக் காப்ஸாவின் வழி வந்தது. ஆகப் பெரியப்பாவின் குழப்பத்துக்குச் சில நூற்றாண்டு வயதாகிறது.

நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் அந்த இரண்டாவது கேஷை என் உள்ளங்கையில் வைத்தார். 1808ஆம் ஆண்டின் செப்பு நாணயம். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது கேஷ் என்ற பொறிப்பு. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இத்தகைய நாணயங்களை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியதால், இங்கே கைமாறியிருக்க வேண்டிய காசுகள் கடல் மணலில் கிடந்து பின்னாளில் மீட்கப்பட்டன.

போர்த்துகீசியர் வருவதற்கு மிக முன்பே காசு நம்மிடம் இருந்தது. கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, பொற்கொல்லன் புது நூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தில் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 67ஆம் பாடல். காசுமாலை அணிந்த பாட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமைக்கு உரை தேவைப்படாது.

எட்டின் கதை வேறு. ஆங்கில எய்ட்டின் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்துகள் பழைய ஒலி ஒன்றின் தடம்; ஜெர்மனின் ‘ஆக்ட்’, லத்தீனின் ‘ஆக்டோ’ ஆகியவற்றில் அது இன்னும் கேட்கிறது. நம் எட்டோ எண்பதிலும் எண்திசையிலும் ‘எண்’ என்றே நிற்கிறது. இரண்டையும் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோகப் போக அவை விலகித்தான் போகின்றன. ஒன்றும் அப்படியே: பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’, இன்று கேட்கும் வகர ஒலி பிற்காலத்து ஒட்டு.

இவ்வளவையும் சுருக்கிக் குழுவில் எழுதியபோது பெரியப்பா கோபப்படவில்லை. “காசு போகட்டும், துட்டாவது நம்முடையதுதானே?” என்று மட்டும் கேட்டார். டச்சுக் கம்பெனி தன் முத்திரையோடு இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்த செப்பு நாணயத்தின் பெயர் ‘டௌட்’ என்பதையும், துட்டு அதிலிருந்து வந்தது என்பதையும் அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.