திமில் மலைகளில் தொலைந்த பெரியப்பாவும் ஒரு வருடப் படிவ வேலையும்

'கசின்' என்ற ஒற்றைச் சொல்லால் எனக்கு நான்கு மாதம் வீணாய்ப் போனது. அந்தக் கடுப்பு இன்னும் அடங்கவில்லை. அமெரிக்காவில் நம் ஆட்கள் யாராவது, போரில் காணாமல்போன உறவினரைத் தேடும் வேலையில் அக்கம்பக்கத்தாருக்கு உதவப் போனால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 78 வயது. அவருடைய பெரியப்பா இரண்டாம் உலகப் போரில் சி-46 சரக்கு விமானத்தில் ரேடியோ ஆபரேட்டர். 1944 நவம்பரில் அஸ்ஸாமின் சாபுவா தளத்திலிருந்து சீனாவின் குன்மிங்குக்குக் கிளம்பிய விமானம் போய்ச் சேரவில்லை. உள்ளே நான்கு பேர். பர்மா வழியை ஜப்பான் அடைத்தபின் சீனாவுக்குப் பெட்ரோல், குண்டு எல்லாமே இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டித்தான் பறந்து போயின. அந்த மலைகளுக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்', நம் சொல்லில் திமில். 1942 முதல் 1945 வரை அந்தத் திமில் விழுங்கியவை ஏறக்குறைய 600 விமானங்கள்.

இதில் நான் எங்கே வந்தேன்? எச்1பி முதல் கிரீன் கார்டு வரை 14 வருடம் படிவம் நிரப்பியவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். "அரசாங்கக் காகிதம் உங்களுக்குத்தான் பழக்கம்" என்றார். மறுக்க முடியவில்லை.

முதல் தப்பு முழுக்க என்னுடையது. விமானம் என்றால் விமானப்படை என்று நினைத்து அங்கே எழுதினேன். ஏழு வாரம் கழித்து இரண்டு வரிப் பதில்: எங்களிடம் இல்லை. அமெரிக்க விமானப்படை தனிப் படையானதே 1947-ல். அதற்கு முன் அது ராணுவத்தின் ஒரு பிரிவு. ஆகவே இரண்டாம் உலகப் போர் விமான வீரர்களின் குடும்பங்களுக்குப் பதில் சொல்வது ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் ராணுவ அலுவலகம். நேராக அங்கே போங்கள்.

அப்புறம் பெரியப்பாவின் ராணுவப் பணிக்கோப்பு. ஐந்து மணி நேரம் கார் ஓட்டி, அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஓர் ஆவண அலுவலகத்துக்குப் போனோம் (எது என்று சொல்லப்போவதில்லை). ஜன்னலில் இருந்தவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நீங்கள் அண்ணன் தம்பி மகள்தானே, நேரடி வாரிசு கையெழுத்து வேண்டும்" என்றார். வாரிசு யாரும் உயிரோடு இல்லை என்றேன். "அப்படியானால் தர முடியாது." மறுபடி ஐந்து மணி நேரம். வழியில் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து விதியைத் தேடிப் படித்தேன். ஒருவர் படையை விட்டு விலகி, அல்லது இறந்து, 62 வருடம் ஆகிவிட்டால் அவருடைய பணிக்கோப்பு பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வாரிசு கையெழுத்தே தேவையில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன். வேறொருவர் எடுத்தார், "ஆமாம், நீங்கள் சொல்வது சரி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: கோப்பு எரிந்துவிட்டது.

1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை போயின. 1912 முதல் 1960 வரை ராணுவத்தை விட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். உரிமைக்காகச் சண்டை போட்டு ஜெயித்தது ஒரு பிடி சாம்பலுக்கு.

இரண்டு காகிதங்கள் மட்டும் அந்தத் தீயில் சிக்கவில்லை. ஒன்று, காணாமற்போன விமானக் குழு அறிக்கை, எம்.ஏ.சி.ஆர். என்பார்கள். இன்னொன்று, இறந்த வீரரின் தனிக்கோப்பான ஐ.டி.பி.எஃப். முதலிலேயே இந்த இரண்டையும் கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சம். அறிக்கையை எடுத்துத் தர ஓர் ஆசாமி 400 டாலர் கேட்டார். கொடுத்துவிடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அது இலவசமாகக் கிடக்கிறது. ஒன்று மட்டும்: இந்த அறிக்கை முறை வந்ததே 1943 நடுவில். அதற்கு முன் தொலைந்த விமானம் என்றால் அறிக்கை இல்லாமலே போகலாம்.

விமானத்தின் வரிசை எண் இருந்தால் தேடுவது சுலபம். எங்களிடம் இல்லை. கல்லறைப் பட்டியலிலிருந்து தேதியாவது எடுக்கலாம் என்று 1944-ல் இறந்தவர்களில் மூன்று வாரம் தேடினேன். ஆளே இல்லை. காணாமல்போனவரை ராணுவம் ஒரு வருடம் 'காணவில்லை' என்றே வைத்திருந்து, அதன் பிறகுதான் இறந்ததாகத் தீர்மானிக்கும். பட்டியலில் ஏறுவது அந்தத் தீர்மானத் தேதி. 1945 நவம்பர் என்று மாற்றித் தேடியதும் மணிலா அமெரிக்கக் கல்லறையின் சுவரில் பெயர் இருப்பது தெரிந்தது. ஆம், மணிலா. தொலைந்தது இந்திய-சீன எல்லையில் என்றாலும், அந்தப் போர்முனையில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பிலிப்பைன்ஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே 36,000-க்கும் மேற்பட்ட பெயர்கள்.

அறிக்கை சில பக்கம்தான். இரண்டு எஞ்சின்களின் எண்கள், அன்றைய வானிலை, கடைசி ரேடியோத் தொடர்பு. கடைசிப் பக்கத்தில் நான்கு பேரின் வீட்டு முகவரிகள். அந்த அம்மா முகவரியைப் படித்துவிட்டு, "இது எங்கள் பாட்டி வீடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வீட்டுக்காகத்தான் குடும்பமே உடைந்தது" என்றார். அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபோர்ட் நாக்ஸ் வேலை சிக்கலின்றி நடந்தது. தனிக்கோப்பின் நகலை இலவசமாகவே அனுப்பினார்கள். அதில் மகனைப் பற்றிக் கேட்டு பெரியப்பாவின் தாய் எழுதிய கடிதங்கள் இருந்தன. நான் படிக்கவில்லை, பக்கத்து வீட்டு அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிட்டேன்.

இனி டி.என்.ஏ. எலும்பு என்றைக்காவது கிடைத்தால் ஒப்பிட, முக்கியமாகத் தாய்வழி உறவின் மாதிரி வேண்டும் என்றார்கள். பெரியப்பாவின் தம்பி மகளான இந்த அம்மாவுக்கு அந்த வழி இல்லை. அந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வரும்; அவருக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. "கசின் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன். "இருக்கிறாள்" என்றார். கன்னத்துள் தடவும் பஞ்சுக்குச்சிப் பெட்டி அவளுக்குப் போனது, திரும்பியது, நான்கு மாதம் ஓடியது. வம்சப் படிவத்தைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் சித்தப்பா மகள். அவளும் உதவமாட்டாள்!

நம்மூரில் இந்தக் குழப்பம் வந்திருக்குமா? சித்தப்பா மகள் என்றால் ஒன்று, அத்தை மகன் என்றால் வேறு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே எல்லோருமே கசின். ஆகவே உறவுமுறையைத் தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் கேளுங்கள். வேண்டியவர் காணாமல்போனவருடைய சகோதரி, இல்லையென்றால் அந்தச் சகோதரியின் மகனோ மகளோ.

"உங்களுக்கு அத்தை உண்டா?" என்று இந்த முறை திருத்தமாகக் கேட்டேன். உண்டு, இறந்துவிட்டார். அவருக்கு மகன்? முகம் மாறியது. உண்டு, 20 வருடமாகப் பேச்சில்லை. பாட்டி வீட்டை விற்ற தகராறு.

ஃபோன் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். நான் அறிக்கையின் முகவரிப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து, இரண்டு வரிக் கடிதத்தோடு அந்த அத்தை மகனுக்கு அனுப்பினேன். ஆறாம் நாள் அவரே கூப்பிட்டார், என்னை அல்ல.

காணாமல்போனோரைத் தேடும் முகமை ஊர் ஊராகக் குடும்பக் கூட்டம் நடத்துகிறது. முன்பதிவு கட்டாயம், அனுமதி இலவசம். இருவரும் வந்தார்கள், அத்தை மகனிடம் அங்கேயே மாதிரி எடுத்துக்கொண்டார்கள். விமானம் இன்னும் கிடைக்கவில்லை. விழுந்த இடம் தெரிந்தால் எஞ்சின் எண்ணை வைத்து உறுதி செய்யலாம் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். வெளியே கார் நிறுத்தத்தில் என்னை முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டு, பாட்டி வீட்டு வாசலில் நின்றது எல்ம் மரமா மேப்பிளா என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.