சுமை போகும் வழி

ஜனவரி 6
அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் வேலை பார்க்கும், பந்தயப் படகு கட்டும் யார்டிலிருந்து தகவல் எதுவும் இல்லை.

ஜனவரி 8
படகுக்காக நான் வரைந்த கார்பன் பாகத்தின் உள்மூலை வளைவு மனதைவிட்டுப் போகவில்லை. கார்பன் இழையை நீளவாக்கில் இழுத்தால் எஃகையே மிஞ்சும். அடுக்கிலிருந்து அடுக்கைப் பிரிக்கும் விசைக்குத்தான் தாங்காது. அந்தத் திசையில் இழையே கிடையாது, பிசின் மட்டும்தான். மடங்கிய மூலையை விரிக்கப் பார்த்தால் அங்கேதான் பிரியும். வளைவின் ஆரம் 8 மில்லிமீட்டர் போதுமா, 12 வேண்டுமா? 12 என்றால் எடை கூடும்.

கல்லூரியில் முதலில் உருவம் வரைவோம். யார்டில் சீனியர் முதல் நாளே கேட்டார்: சுமை எங்கே நுழைகிறது, எந்த வழியாக வெளியே போகிறது? அதைச் சொல்லாமல் ஒரு கோடுகூடப் போட முடியாது. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது.

ஜனவரி 11
மறுபடி அந்த வீடியோ. 1995, சான் டியாகோ கடல். 'ஒன் ஆஸ்திரேலியா' என்ற பாய்மரப் படகு பந்தயத்தின் நடுவில் இரண்டாக முறிந்து, சில நிமிடங்களில் மூழ்குகிறது. ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அவர்கள் குதிப்பதைப் பார்த்தபிறகுதான் மூச்சு வருகிறது.

ஜனவரி 12
அப்பா இரவெல்லாம் இருமல்.

ஜனவரி 15
பொங்கல். வார்டிலேயே.

ஜனவரி 17
கப்பலூரில் லேத் பட்டறை அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டினேன். கார்பனை அவர் தொட்டதே இல்லை. மூலையில் விரலை வைத்து, "இந்த எடத்துலதான்த்தா கிழியும்" என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

ஜனவரி 20
அப்பா இன்று பேசினார். "தண்ணியத் தொடாமப் போற படகாத்தா?"

அமெரிக்காஸ் கப் பாய்மரப் பந்தயத்தில் ஓடும் ஏசி75 படகைச் சொன்னேன். ஆறு டன்னுக்கு மேல். கீழே இறக்கை மட்டும் தண்ணீருக்குள். உடல் முழுக்க மேலே. தண்ணீர் காற்றைப்போல் 800 மடங்கு அடர்த்தி, அதனால் சின்ன இறக்கையே தூக்கிவிடும். வேகம் 50 நாட் (கடல்மைல் கணக்கு) அளவை நெருங்கினால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல், இறக்கையின் மேல்பக்கம் அழுத்தம் விழுந்து, சூடே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். குமிழி வந்தால் தூக்குவிசை போய்விடும். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். "ம்ம், அப்புறம்?"

அதே கோப்பைக்கு 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பந்தயத்தையும் சொன்னேன். 8-1 என்று பின்தங்கியிருந்த ஆரக்கிள் அணி 9-8 என்று ஜெயித்தது. "அது எப்படி?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 21
அப்பாவுக்கு எக்கோ, அந்த இதய ஸ்கேன், மறுபடி எடுக்கணுமாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. 8-1, 8-1.

ஜனவரி 22
நாளை காலை, நம் நேரம் ஏழு மணிக்கு, யார்டில் என் பாகத்தின் கணினி மாதிரியில் சுமை ஏற்றிப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு எக்கோ எட்டு மணிக்கு. வளைவை 12 என்று மாற்றி அனுப்பிவிட்டேன். எடை கூடினால் கூடட்டும்.