21,000-ஐத் தாண்டும் சம்பள ஒப்பந்தமும் காணாமல் போகும் ஈஎஸ்ஐயும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளில் சங்கம் நிர்வாகத்தோடு மூன்று ஆண்டு சம்பள ஒப்பந்தம் பேசும்போது எல்லார் கண்ணும் "எத்தனை ஆயிரம்" என்பதில்தான் இருக்கும். மருத்துவம் கடைசி நாள் ராத்திரி, "தற்போதுள்ள மருத்துவ வசதிகள் தொடரும்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரிதான் வில்லங்கம். சம்பளம் கூடிய காரணத்தாலேயே சிலருக்குத் தற்போதுள்ள வசதி பறிபோகும்.

ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 19,500 வாங்குகிறவருக்கு முதல் ஆண்டிலேயே 2,000 கூடினால் 21,500, அவர் வெளியே. அதுவரை அவர் சம்பளத்தில் 0.75%, அதாவது 147 ரூபாய் பிடித்தார்கள். நிர்வாகம் 3.25% கட்டியது: மாதம் 634, வருஷத்துக்கு 7,608. இப்படி 400 பேர் வெளியேறினால் நிர்வாகத்துக்கு மிச்சம் 30 லட்சத்துக்கு மேல். ஈஎஸ்ஐக்குப் பதிலாகக் கேட்கும் மெடிக்ளைம் (மருத்துவக் காப்பீட்டு பாலிசி) பிரீமியத்தைப் புதுச் செலவு என்று எச்.ஆர். சொல்லும்போது இந்தக் கணக்கை மேஜையில் வையுங்கள். எந்தெந்தப் படி 21,000 கணக்கில் சேருகிறது என்பதையும் அப்போதே ஆள்வாரியாகப் பாருங்கள். 2025 நவம்பர் 21-இல் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்த பிறகு ஊதியத்தின் வரையறையே மாறிவிட்டது: ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியம்தான்.

அடுத்தது, உயர்வு அமலாகும் தேதி. இதைப் பெரும்பாலான கமிட்டிகள் கோட்டை விடுகின்றன. ஈஎஸ்ஐ சந்தா காலம் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று இரண்டு. நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடியும்வரை சந்தா பிடித்தாக வேண்டும். ஏப்ரல்-செப்டம்பர் சந்தாவுக்குப் பலன் அடுத்த ஜனவரி-ஜூன். அக்டோபர்-மார்ச் சந்தாவுக்கு அடுத்த ஜூலை-டிசம்பர். ஆக உயர்வு ஏப்ரல் 1 முதல் என்றால் மருத்துவப் பலன் அந்த டிசம்பரோடு சரி. மே 1 முதல் என்று எழுதினால் செப்டம்பர்வரை சந்தா, மறு ஆண்டு ஜூன்வரை பலன். ஒரு மாத உயர்வை விட்டால் ஆறு மாத ஈஎஸ்ஐ கிடைக்கிறது. வீட்டில் டயாலிசிஸோ பிரசவமோ இருக்கிறவருக்கு எது லாபம் என்று சொல்லவே வேண்டாம்.

மெடிக்ளைம் வந்தாலும் அது ஈஎஸ்ஐக்கு ஈடாகாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை ஈஎஸ்ஐ மருந்தகம் தரும். கம்பெனி எல்லாருக்கும் சேர்த்து எடுக்கும் வழக்கமான குழு பாலிசி, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். ஈஎஸ்ஐயில் நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70% ஊதியம் உண்டு. பாலிசியில் சம்பளத்துக்கு வழியே இல்லை. ஆகவே வெளிநோயாளி செலவுக்கு ஒரு தொகை, நீண்ட நோய்க்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, இரண்டையும் தனித்தனி ஷரத்தாகக் கேளுங்கள்.

பாலிசியில் எல்லாரும் பார்ப்பது "மூன்று லட்சமா, ஐந்து லட்சமா" என்பதை. கையைக் கடிப்பது ரூம் வாடகை. இரண்டு லட்சம் பாலிசி, ரூம் வரம்பு அதில் 1%, அதாவது நாளுக்கு 2,000 என்று வையுங்கள். கிடைத்தது 4,000 ரூபாய் ரூம், நாலு நாள்: 16,000. டாக்டர், தியேட்டர், நர்சிங் 60,000. மருந்தும் பரிசோதனையும் 30,000. பில் 1,06,000. ரூம் இரண்டு மடங்கு என்பதால் டாக்டர், தியேட்டர் கட்டணத்தையும் பாதியாக வெட்டுவார்கள். மருந்து, பரிசோதனை, இம்பிளான்ட்டில் அப்படி வெட்டக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. கிடைப்பது 8,000 + 30,000 + 30,000 = 68,000. மீதி 38,000 தொழிலாளி பாக்கெட்டிலிருந்து. ரூமில் கூடியது 8,000தான், போனது 38,000. ஒரு லட்சம் கூடுதல் காப்பீட்டைவிட "தனி அறை, வாடகை வரம்பு இல்லை" என்ற வாசகம் பல பேரத்தில் மேல்.

ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு, 30 நாள் காத்திருப்பும் பிரசவத்துக்கான ஒன்பது மாதக் காத்திருப்பும் நீக்கம், பெற்றோர் சேர்ப்பு: இவை குழு பாலிசியில் கேட்டால் கிடைக்கிறவைதான். பெற்றோருக்கு 20% கோ-பே, அதாவது பில்லில் 20% நீங்களே கட்ட வேண்டும் என்று நுழைக்கப் பார்ப்பார்கள். மொத்தப் பிரீமியத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெற்றோரை விடுவதைவிடக் கோ-பே தேவலை.

கடைசியாக எழுத்து. பாலிசி ஒரு வருஷம், ஒப்பந்தம் மூன்று வருஷம். காப்பீட்டு கம்பெனி பெயரும் பாலிசி எண்ணும் எழுதினால் அடுத்த புதுப்பிப்பில் அது செல்லாக்காசு. "நிர்வாகம் ஆண்டுக்கு இன்ன தொகை பிரீமியம் செலுத்தும்" என்பதும் ஆபத்து. கிளெய்ம் அதிகமானால் பிரீமியம் ஏறும், மிச்சத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். பலன்களை இணைப்பாகச் சேர்த்து, "இணைப்பில் உள்ள பலன்கள் ஒப்பந்தக் காலம் முழுதும் குறையாமல், பிரீமியம் எவ்வளவானாலும் நிர்வாகச் செலவில்" என்று எழுதுங்கள். பாலிசி நகலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிபிஏவின் (காப்பீட்டு கம்பெனிக்காகக் கிளெய்மைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனம்) கிளெய்ம் கணக்கும், நோயாளி பெயர் இல்லாமல், சங்கத்துக்குத் தர வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். கணக்கு கையில் இல்லாமல் அடுத்த பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தால் "கிளெய்ம் ரேஷியோ (பிரீமியத்தில் எத்தனை சதவீதம் கிளெய்மாகப் போனது என்பது) தாறுமாறு" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.